உங்கள் நரகம் முடிந்துவிடும்

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். நான் யார் என்று முதல் வரியில் சொன்னால் கிழித்துப் போட்டுவிடுவீர்களோ என்று பயந்து இரண்டு தாளை வீணாக்கினேன். மறைத்து எழுதினால் அது இன்னொரு தப்பாகிவிடும் என்று பிறகு தோன்றியது. உங்கள் மகளின் ஸ்கூட்டர் மேல் தண்ணீர் லாரியை ஏற்றியவன் நான்தான்.

கோர்ட்டில் உங்களைப் பார்த்திருக்கிறேன். மடியில் ஒரு பச்சைக் குடையை வைத்துக்கொண்டு நீதிபதியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

ஏழு வருடத் தண்டனையில் மூன்றாவது வருடம் ஓடுகிறது. இங்கே சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரிக்கிற வேலை. ஈரல் கெட்டுவிட்டது. ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். தண்டனை முடிந்து நான் நடந்து வெளியே போவேன் என்று அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. என் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சனிக்கிழமைதோறும் இங்கே ஒரு போதகர் வருகிறார். இந்தக் கட்டடத்தில் என்னைத் தம்பி என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். "எவ்வளவு பெரிய பாவமா இருந்தாலும் மனசார ஒத்துக்கிட்டுத் தண்ணியில முங்கி எழுந்தா அத்தோட போச்சு தம்பி" என்றார். ஆயுசு பூராவும் தண்ணீர் லாரி ஓட்டியவனுக்குத் தண்ணீராலேயே விடுதலையா என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அழுகை அடங்கவில்லை. ஏப்ரலில் எனக்கு ஞானஸ்நானம். அதற்கு முன்னால் உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் கேட்டிருப்பேன் என்று எழுத ஆசைதான். ஆனால் இத்தனை நாள் கேட்கவில்லையே.

மன்னித்துவிடுங்கள்.

தண்ணீர் லாரி டிரைவர்


பிப்ரவரி 20

லாரி டிரைவருக்கு,

என்னை அம்மா என்று எழுத வேண்டாம். அப்படிக் கூப்பிட ஒருத்தி இருந்தாள்.

உங்களை 'நீ' என்று எழுதக் கை வரவில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள் நான். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் நீங்க வாங்க என்று பேசிப் பழகிவிட்டேன்.

மன்னிப்பு என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்தப் போதகருக்கு இடது கன்னத்தில் நீளமாகத் தழும்பு இருக்குமா? பேசும்போது கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே இருப்பாரா? அப்படியென்றால் அவர் எங்கள் சபைப் போதகர். கல்யாணமாகி வந்த நாள்முதல் நான் அங்கேதான் போகிறேன். அவர் சிறைக்குப் போய்வருவதற்கு நானும் காணிக்கை போட்டிருக்கிறேன். யாருக்காகப் போகிறார் என்று கேட்டதில்லை.

அவர் உங்களுக்குச் சொன்னது பொய் இல்லை. எங்கள் நம்பிக்கைப்படி நீங்கள் மனம் திருந்தி அந்தத் தண்ணீரில் இறங்கினால் உங்களுக்குப் பரலோகம் உண்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். இறங்காதீர்கள். உங்கள் மதத்திலேயே இருங்கள். உங்களுக்கென்று ஒரு நரகம் இருக்குமே, அதற்குப் போய்ச் சேருங்கள்.


மார்ச் 3

வணக்கம்.

எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தழும்பு இருக்கிறது. கைக்குட்டையும் சரி.

எங்களுக்கும் நரகம் உண்டு. சின்ன வயதில் அதைப் படமாகப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்க் கொப்பரை கொதிக்கும், உள்ளே மனிதத் தலைகள் மிதக்கும், ஒரு தூதன் நீளக் கரண்டியால் கிண்டுவான். எமன் கணக்குப் பார்த்து, யார் எவ்வளவு காலம் வேக வேண்டுமோ அவ்வளவு காலம் வேகவைப்பான். அப்புறம் எடுத்துப் போடுவார்கள். புழுவாகவோ நாயாகவோ மறுபடி பிறக்க வேண்டியதுதான். இங்கே சமையல்கட்டில் கிழங்கு வேகும்போது எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வரும்.

என் அறையில் பூட்டுக்கார பாய் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். வெளியே பூட்டுச் சாவி செய்துகொண்டிருந்தவர், உள்ளே பூட்டுக்குள் இருக்கிறார். அவரே இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் சொன்னார், "ஆண்டவனுக்குச் செஞ்ச தப்பை ஆண்டவன் மன்னிச்சிடுவான். மனுஷனுக்குச் செஞ்சதை அந்த மனுஷன்தான் மன்னிக்கணும். தீர்ப்பு நாள்ல அந்தப் பொண்ணு முன்னாடி நீ நிக்கணும். உன் நன்மையெல்லாம் அவளுக்குப் போயிடும். அதுவும் பத்தலைன்னா அவளோட பாவத்தை எடுத்து உன் தலையில ஏத்துவாங்க."

என்னிடம் எடுத்துக்கொள்ள என்ன நன்மை இருக்கிறது? ஆளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். லாரிக்காரனுக்கு வழி சொல்ல ஆளா பஞ்சம்.

ஞானஸ்நானத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒன்று விளங்கவில்லை. நான் உங்கள் பரலோகத்துக்கு வந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்? உங்கள் மகள் அங்கே நல்லபடியாக இருப்பார். நான் ஒரு ஓரமாக நின்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறேன். அதுகூடக் கூடாதா?


மார்ச் 15

அவள் அங்கே இல்லை.

இதை இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. இந்தக் கடிதத்தைச் சிறை அதிகாரியும் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

என் மகள் மாட்டு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தாள். சாவதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சபைக்குக் கிளம்பி நிற்கிறேன், அவள் தலை வாராமல் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "எனக்கு இதுல நம்பிக்கை இல்லம்மா. உனக்காகத்தான் வந்துக்கிட்டிருந்தேன். இனிமே பொய்யா வந்து உக்கார முடியாது" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஆறிவிடும் என்று இருந்திருப்பேன். சில மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு பேசினேன், அந்தப் பேச்சை மட்டும் எடுக்காமல்.

அவள் போன பிறகு, இப்போது உங்களிடம் வருகிறாரே, அதே போதகரிடம் கேட்டேன். முதல் தடவை, கடவுள் பெரியவர் என்றார். அடுத்த தடவை வேறு பேச்சுக்கு மாறிவிட்டார். நான் விடவில்லை. "தெரியாதவங்களுக்கு ஏதோ ஒரு சாக்கு இருக்குக்கா. தெரிஞ்சே வேண்டாம்னு சொன்னவங்களுக்கு நான் என்னத்தச் சொல்றது" என்று சொல்லிவிட்டு அழுதார். அந்த அழுகைதான் என்னை முடித்துப் போட்டது. அவர் மனதில் துளி சந்தேகம் இருந்திருந்தாலும் அழுதிருக்க மாட்டார்.

இப்போது விளங்குகிறதா? கொன்ற நீங்கள் மேலே போவீர்கள். செத்தவள் கீழே அணையாத நெருப்பில். நான் பரலோகத்தில் வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து துதி பாட வேண்டும்.

கடையில் என் பக்கத்து மேசைப் பெண் புத்த மதம். அவளிடமும் நரகத்தைப் பற்றிக் கேட்டேன். "அங்க யாரும் யாரையும் அனுப்பறதில்லக்கா, அவங்கவங்க செஞ்சது கொண்டுபோகுது. எத்தனை கொடுமையான இடமா இருந்தாலும் காலம் முடியும்" என்றாள். உங்கள் நரகமும் முடிந்துவிடும். வெந்து முடிந்தால் எடுத்துப் போட்டுவிடுவார்கள், நாயாகவாவது பிறக்கலாம். அந்த நாயின் மேல் எனக்குப் பொறாமை. என் மகளின் நரகத்துக்கு முடிவு கிடையாது.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவளுக்கு நினைவு இருந்தது என்று கோர்ட்டில் சொன்னார்கள். நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். கடைசி மூச்சில் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எங்கள் போதகரே அப்படித்தான் சொல்கிறார். அவள் கூப்பிட்டாளா?


மார்ச் 24

வணக்கம்.

ஆமாம், கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "கர்த்தரே, என்னை மன்னியும்" என்று சொன்னார். இரண்டு தடவை சொன்னார். கண்ணை மூடும்போது முகம் அமைதியாக இருந்தது. நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.


ஏப்ரல் 2

கடிதம் வந்த அன்று சாயங்காலம் முழுக்க முழங்காலில் இருந்தேன். வயிறாரச் சாப்பிட்டேன். அவள் அறையைத் திறந்து கூட்டிப் பெருக்கினேன்.

மறுநாள் கடையில் மெஷின் முன்னால் நிற்கும்போது ஏதோ நெருடியது. லென்ஸில் கீறல் இருந்தால் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும், அந்த மாதிரி.

என் மகள் 'கர்த்தர்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்கு 'இயேசப்பா'தான். நம்பிக்கை போன பிறகும் காலை எங்காவது இடித்துக்கொண்டால் வாயில் அதுதான் வரும். உடனே என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்வாள். 'என்னை மன்னியும்' என்பது போதகர்கள் பேசுகிற தமிழ். அடிபட்டு ரோட்டில் கிடக்கிற பெண் அப்படிப் பேசமாட்டாள்.

ஒரு நாள் அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுநாள் பிடுங்கிக்கொண்டீர்கள். நடந்ததை எழுதுங்கள்.


ஏப்ரல் 11

வணக்கம்.

பொய் எழுதும்போதே பாய் வேண்டாம் என்றார். நான்தான் கேட்கவில்லை. போதகர் வாயிலிருந்து எடுத்த வார்த்தைதான் அது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நடந்தது இது. முதல் நாள் ராத்திரி குடித்தது காலையிலும் இறங்கவில்லை. அந்த நேரத்தில் அந்தத் தெருவுக்குள் லாரி போகவே கூடாது. இன்னொரு லோடு அடிக்கும் அவசரத்தில் நுழைத்தேன். இது நீங்கள் கோர்ட்டில் கேட்டதுதான். கோர்ட்டில் யாரும் கேட்காததை இப்போது எழுதுகிறேன்.

இறங்கி ஓடினேன். தலையில் அடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த சாமி பேரெல்லாம் சொல்லிக் கத்தினேன். உங்கள் மகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "சாமியெல்லாம் அப்புறம் கூப்பிடலாம்ண்ணா. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றார். போனை எடுத்து ஆம்புலன்ஸுக்குப் போட்டேன். தெருப் பேர் கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை. அவர்தான் படுத்தபடியே சொன்னார்.

அப்புறம், "கண்ணாடி எங்கண்ணா, ஒண்ணுமே தெரியல" என்றார். தேடி எடுத்தேன். ஒரு பக்கம் நொறுங்கியிருந்தது. அப்படியே மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் தாங்கவில்லை, சாமி கும்பிட்டுக்கம்மா என்றேன். "வேணாம்ண்ணா" என்றார். வெறுத்துச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் காபி வேணுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார்களே, அப்படி. கடைசியாகக் குளிருது என்றார். என் சட்டையைக் கழற்றிப் போர்த்தினேன். அதற்கப்புறம் பேசவில்லை.

நீங்கள் தேடுகிற சொல்லை அவர் சொல்லவில்லை. நான் வாயருகே காதை வைத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் பயப்படவும் இல்லை. பயந்தவன் நான்தான். என்னை அண்ணா என்று கூப்பிட்டாரே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை மற்ற இரண்டு பேரோடு என்னையும் ஞானஸ்நானத் தொட்டிக்குக் கூட்டிப்போனார்கள். நான் தள்ளிப்போடச் சொன்னதைப் போதகர் தயக்கம் என்று நினைத்துவிட்டார். முழங்கால் வரை இறங்கினேன். "இனிமே கடவுள் அதை நினைச்சுக்கூடப் பாக்கமாட்டார் தம்பி, மறந்துடுவார்" என்று காதோரம் சொன்னார். நான் ஏறி வந்துவிட்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை. கடவுளும் மறந்துவிட்டால் உங்கள் மகள் ரோட்டில் கிடந்ததை நினைத்துக்கொண்டிருக்க உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்?

பாய் சொன்னதுபோல் உங்கள் மகளின் பாவத்தை என் தலையில் ஏற்ற முடியுமா என்று உங்கள் போதகரிடம் கேட்டுப் பாருங்கள். நான் வாங்கிக்கொள்ளத் தயார்.


மே 6

கேட்டேன். இன்னொருவர் பாவத்தைச் சுமக்க எங்களுக்கு ஒருவர்தான் உண்டு, அவரைத்தானே அவள் வேண்டாம் என்றாள் என்றார் போதகர். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

உங்கள் கடிதத்தைப் பத்துப் பதினைந்து தடவை படித்திருப்பேன். தெருப் பேரைச் சொன்னது அவள்தான், அது அவளேதான். அந்தக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்தது நான். போலீஸ் அதை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அவள் இருக்கிற இடத்துக்கே நானும் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு நானும் ஆண்டவரை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? சபைக்குப் போவதை நிறுத்தினேன். ஒரு நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆண்டவரே, நீர் இல்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடித்த கையோடு அவரிடமே மன்னிப்புக் கேட்டேன். யோசித்துக் கேட்கவில்லை, தானாக வந்துவிட்டது. காலையில் எழுந்தால் உதடு தானாக ஜெபிக்கிறது. பெற்ற பிள்ளைக்காக இதைக்கூட விட முடியவில்லை. அவளுக்கு அவ்வளவு சுலபமாகப் போனது எனக்குப் போகமாட்டேன் என்கிறது.

போன வாரம் மறுபடி சபைக்குப் போனேன். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

உங்களை மன்னிக்கவில்லை. பாய் சொல்வதுதான் சரி என்று படுகிறது. அது அவளுடைய கையில் இருக்க வேண்டியது, அவள் இல்லை.


மே 20

வணக்கம்.

இதை நான் சொல்லச் சொல்ல வார்டு நர்ஸ் எழுதுகிறார். என்னை வெளி ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். வயிறு உப்பி, கை பேனா பிடிக்க வரவில்லை. வாசலில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். நான் எங்கே ஓடப்போகிறேன், அவருக்குத்தான் பாவம் பொழுது போகவில்லை.

எண்ணெய்க் கொப்பரைக்கு இப்போது பயமில்லை. படுத்துக்கிடக்கும்போது வேறொரு பயம் வருகிறது. உங்கள் மகள் நினைத்ததுதான் சரி, செத்த பிறகு ஒன்றுமே கிடையாது என்றால்? அப்படியென்றால் நான் செய்ததற்கு எங்கே போய் அனுபவிப்பேன்? இப்படியே கண்ணை மூடித் தப்பித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

ஆனால் அப்படியிருந்தால் உங்கள் மகளும் எங்கும் எரியவில்லை. அதில் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் இருக்குமா? இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.


ஜூன் 1

ஆறுதல் இல்லை. எதுவுமே இல்லை என்றால் அவளும் இல்லை. எரிந்துகொண்டாவது எங்காவது இருக்கட்டும் என்றுதான் என் மனது கேட்கிறது. பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது? இருந்தாலும் அப்படித்தான் கேட்கிறது.

நேற்று உங்கள் வார்டுக்கு வந்தேன். போலீஸ்காரர் உள்ளே விடமாட்டார் என்று நினைத்தேன். எழுந்து வழிவிட்டார். கதவருகே நின்று பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கோர்ட்டில் பார்க்காத முகம். வயதானவராகத் தெரிந்தீர்கள். நீங்க அவருக்குச் சொந்தமா என்று நர்ஸ் கேட்டார். இல்லை என்றேன். யாருமே வரதில்லம்மா என்றார். உங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் அவர்தானாம். இன்னும் அதிக நாள் இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். நான் உள்ளே வரவில்லை. எழுப்பவும் இல்லை.

இதை அவர் உங்களுக்குப் படித்துக் காட்டுவார் என்று நம்பி எழுதுகிறேன். இதற்குப் பதில் வேண்டாம்.

எங்கள் கணக்குப்படி நீங்கள் இப்போது அவள் இருக்கிற இடத்துக்குத்தான் போகிறீர்கள். முதல் கடிதத்தில் நான் கேட்டதும் நரகத்துக்குப் போங்கள் என்றுதான். இப்போது வேறு காரணத்துக்காகக் கேட்கிறேன். நான் அங்கே வர முடியாது. எனக்குத் தெரிந்தவர்களில் அங்கே போகிறவர் நீங்கள் ஒருவர்தான். அவளைக் கண்டால் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவள் விரட்டமாட்டாள். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டால், வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள்.